சிற்பம் சுவருக்கு நகையா?
ஹொய்சளக் கோயில்களை முன்வைத்து ஒரு விசாரணை

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கத்து அன்பர் ஒருவர் கடைக்கு வந்திருந்தார். "ஐயா, போன தடவை சமணம் எழுதிட்டீங்க. இந்தத் தடவை எல்லாருக்கும் பொதுவா ஏதாவது எழுதுங்க" என்றார். சரி என்று ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்தபோது சமணம் தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு நான் பொறுப்பல்ல, மைசூர் சுற்றுவட்டாரம்தான் பொறுப்பு. வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

கல்லூரி வாசலை மிதிக்காதவன் நான். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம். 1981ஆம் ஆண்டு சிரவணபெளகொளத்தில் கோமடேசுவரருக்கு ஆயிரமாவது ஆண்டு மகாமஸ்தகாபிஷேகம் நடந்தபோது அப்பாவோடு வந்தேன். அப்படியே மைசூரில் மாமாவின் பாத்திரக் கடையில் தங்கிவிட்டேன். பகலில் பித்தளையும் எவர்சில்வரும், இரவில் புத்தகம். எனக்குத் தெரிந்த கலை வரலாறு முழுவதும் இப்படிக் கல்லாவுக்குப் பின்னால் படித்ததுதான். ஆகவே பண்டிதர்கள் பிழை கண்டால் திருத்தலாம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஏழாவது படிக்கும் பேத்தியைச் சோமநாதபுரத்துக்கு அழைத்துப் போனேன். மைசூரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். வழிகாட்டி ஒருவர் கன்னடமும் இந்தியும் கலந்து விளக்கிக்கொண்டு வந்தார். "இந்தக் கோயில் ஒரு நகைப்பெட்டி. ஒவ்வொரு சிலையும் ஒரு நகை" என்பதை நான்கு முறை சொன்னார். குழந்தை கேட்டாள்: "தாத்தா, நகைன்னா கழட்டிடலாம் இல்ல? சிலையெல்லாம் கழட்டிட்டா கோயில் விழுந்துடுமா?"

"விழாதும்மா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். திரும்பி வரும்போது பன்னூர் தாண்டுவதற்குள் அந்தப் பதில் எனக்கே உறுத்த ஆரம்பித்துவிட்டது. இந்தக் கட்டுரை அவளுக்குச் சொல்ல வேண்டிய சரியான பதில்.

கேள்விக்கு வயது இருநூறு

கட்டடமும் சிற்பமும் இரண்டு கலையா, ஒரே கலையா என்ற கேள்வி அறிஞர்களுக்குப் புதிதல்ல. நம் நாட்டுக் கோயில் கட்டுமானத்தைப் பற்றி ஆங்கிலத்தில் முதன்முதலாக முறையான நூல் எழுதியவர் ராம் ராஸ். அவர் தஞ்சாவூரில் பிறந்தவர், பெங்களூரில் நீதிபதியாக இருந்தவர். வெளிமாநிலத்துக்குப் பிழைக்க வந்த நம் கூட்டத்தில் அவரையும் சேர்த்துக்கொள்ளலாம். அவருடைய நூல் 1834இல் லண்டனில் அச்சானது. அவர் வெள்ளைக்காரர் கண்ணால் கோயிலைப் பார்க்கவில்லை. மானசாரம் முதலிய சிற்ப நூல்களையும், தொழில் தெரிந்தவர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவுகளை விளக்கினார். அடிப்பகுதி இத்தனை பங்கு, தூண் இத்தனை பங்கு என்று கணக்குச் சொல்வது அந்தப் புத்தகம். அதில் கட்டடம், சிற்பம் என்று இரண்டு கடை கிடையாது. ஒரே கடைதான்.

அடுத்து வந்தவர் ஜேம்ஸ் பெர்குசன் (1808-1886). இவரும் நம்மைப் போல வியாபாரி. வங்காளத்தில் அவுரிச் சாயம் வியாபாரம் செய்து பொருள் சேர்த்து, பிறகு கட்டடக் கலை வரலாறு எழுதியவர். கடைக்காரன் ஆராய்ச்சி செய்யலாமா என்று என்னைக் கேலி செய்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அவர் பெயர்தான். 1876இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில் ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிலையும் கிரேக்க நாட்டுப் பார்த்தினானையும் எதிரெதிராக நிறுத்தினார். அளவும் அறிவும் சேர்ந்த தூய்மைக்கு அது எல்லை, கற்பனை வளமும் நுணுக்கமும் பெருகி வழிவதற்கு இது எல்லை என்பது அவர் கருத்து. பாராட்டுத்தான். ஆனாலும் கட்டடங்களை இனவாரியாகத் தரம் பிரித்து அடுக்கிய அவருடைய முறையில், சிற்பம் சுவரின் மேல் விளைந்த விளைச்சலாகவே நின்றது.

1942இல் பெர்சி பிரவுன் எழுதிய நூல் இன்னும் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. ஹொய்சளச் சிற்பிகளின் கைவேலையைத் தந்தம், சந்தனம் செதுக்குபவர்களின் வேலையோடும் நகைத் தொழிலோடும் அவர் ஒப்பிட்டார். சோமநாதபுரத்து வழிகாட்டியின் 'நகைப்பெட்டி' எந்த வழியாக வந்தது என்பது இப்போது தெரிகிறதல்லவா? அவர் குற்றம் ஒன்றுமில்லை. எண்பது ஆண்டாகப் புத்தகங்கள் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார்.

நான் வேறுபடுவது இந்த இடத்தில்தான். நகை என்று சொல்வது புகழ்ச்சி போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு கீழிறக்கம். நகை உடம்பல்ல. நகைக்கு முன்பே உடம்பு இருக்கிறது, நகையைக் கழற்றின பிறகும் இருக்கிறது. சிற்பத்தை நகை என்றால், கட்டுகிறவர் ஒருவர், அலங்காரம் செய்கிறவர் ஒருவர், முதலாமவர் பெரியவர் என்று ஆகிறது.

இதற்கு மாற்றும் வந்தது. கொழும்புத் தமிழர் முத்து குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமி (1877-1947), தொழிலாளியின் கையையும் அவன் மனத்தில் இருக்கும் உருவத்தையும் பிரிக்கக் கூடாது என்று வாழ்நாள் முழுவதும் எழுதினார். 1946இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ், கருவறையிலிருந்து வெளிப்பக்கமாகப் பரவுவதே கோயில், சுவர் உருவங்கள் அந்தப் பரவலின் முகங்கள் என்று விளக்கினார். 1995இல் ஆடம் ஹார்டி கர்நாடகக் கோயில்களை ஆராய்ந்து, கோயில் சுவர் என்பதே சின்னச் சின்னக் கோயில்களைச் சேர்த்து நெய்தது என்று காட்டினார். நம் தச்சர்கள் கூடு, சாலை, பஞ்சரம் என்று சொல்வது அந்தச் சின்னக் கோயில்களைத்தான். இந்தக் கணக்கில் கட்டடமே ஒரு சிற்பம், கோயிலைப் பற்றிய சிற்பம்.

நம் சொற்கள் சொல்லும் சாட்சி

இத்தனை பேரும் எழுதுவதற்கு முன்பே நம் மொழியில் விடை இருக்கிறது. 'சிற்ப நூல்' என்றால் என்ன? சிலை செய்யும் நூல் மட்டுமல்ல, வீடும் கோயிலும் கட்டும் நூலும் அதுவே. கோயிலின் உறுப்புகளைச் சொல்லும்போது பாதம், கிரீவம் (கழுத்து), சிகரம் (தலை) என்று உடம்பின் பெயரையே சொல்கிறோம். அதிஷ்டானத்தில் தொடங்கி ஸ்தூபியில் முடியும் ஆறு உறுப்புகள் சேர்ந்ததே விமானம். நிற்கிற ஆளை மனத்தில் வைத்துத்தான் கோயிலை நிறுத்தியிருக்கிறார்கள். 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசினர் கல்லூரியின் பெயரிலும் கட்டடக்கலை, சிற்பக்கலை இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

என் கடையிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். குத்துவிளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தைத் திருகி எடுத்துவிடலாம். விளக்கு எரியும், ஆனால் வாங்க வருகிறவர்கள் "என்னங்க, மொட்டையா இருக்கு" என்பார்கள். அந்த அன்னத்தை வேண்டுமானால் நகை என்று சொல்லுங்கள். ஆனால் நடுத்தண்டைப் பாருங்கள். கடைசல் பட்டறையில் குமிழும் கழுத்துமாகக் கடைந்தது. தாங்குவதும் அதுதான், அழகும் அதுதான், தூக்கும்போது கைக்குப் பிடி கொடுப்பதும் அதுதான். அதில் எது வேலை, எது அலங்காரம் என்று பிரிக்க என்னால் ஆகாது, கடைந்தவனாலும் ஆகாது.

ஆகவே குழந்தையின் 'கழட்டிப் பார்க்கிற' சோதனை நல்ல சோதனை. ஆனால் ஒவ்வொரு கோயிலுக்கும் அது வேறு விடை தரும். அந்தச் சோதனையைக் கையில் எடுத்துக்கொண்டு மூன்று இடங்களுக்குப் போவோம்.

சோமநாதபுரம்: கழற்ற முடியாத சுவர்

கேசவர் கோயில் மூன்றாம் நரசிம்மன் காலத்தில் தண்டநாயகர் சோமநாதர் எழுப்பியது. 1268 என்பர், சில நூல்களில் 1258. ஹொய்சளரை நாம் அந்நியராகப் பார்க்க வேண்டியதில்லை. நம் பக்கத்தில் போசளர் என்று வழங்கப்பட்ட அவர்கள், திருச்சிக்கு அருகே கண்ணனூரில் தலைநகரே வைத்திருந்தார்கள். அங்கே அவர்கள் எடுப்பித்த கோயில் தமிழ்நாட்டு முறையில்தான் இருக்கிறது. அரசர் ஒரே குலம். கல்லும் கையும் மாறினால் கோயில் மாறிவிடுகிறது.

கல் என்றேன். சோமநாதபுரத்துக் கல் மாக்கல் வகை. நம் வீட்டில் வற்றல் குழம்பு வைக்கும் கல்சட்டிக்குச் சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி எடுக்கும்போது மென்மை, வெயிலும் காற்றும் பட்டபிறகு இறுகும். கருங்கல்லில் வேலை செய்த நம் சோழச் சிற்பி, சுவரை அமைதியாக விட்டு, கோஷ்டத்தில் ஒரு தெய்வத்தை நிறுத்தினான். மாக்கல் கிடைத்தவன் சுவர் முழுவதும் பேசவிட்டான். இதில் எது உயர்வு என்று சங்கத்தில் அடிக்கடி சண்டை வரும். அது வேண்டாத சண்டை. உளியும் கல்லும் வேறு வேறு.

இப்போது திட்டத்தைப் பாருங்கள். மூன்று கருவறை. ஒவ்வொன்றின் வெளிச்சுவரும் நட்சத்திர வடிவில் மடிந்து மடிந்து போகிறது. கீழே இருக்கும் மேடையும் அதே மடிப்பைப் பின்பற்றுகிறது. நேர்ச்சுவராக இருந்தால் காலை வெயில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே மாதிரி விழும். மடிந்த சுவரில் ஒரு முகம் வெளிச்சம், அடுத்த முகம் நிழல். ஒரு முகத்துக்கு ஒரு தெய்வம் என்று நிறுத்தினால், ஒவ்வொரு தெய்வத்துக்கும் தனித்தனி நேரம் கிடைக்கிறது. பெரிய உருவங்கள் மட்டும் 194 என்று மைசூர் தொல்லியல் துறையின் ஆர். நரசிம்மாச்சார் 1917இல் எண்ணி எழுதினார். 194 பேரை நிறுத்த வேண்டும் என்பதால் சுவர் மடிந்ததா, சுவர் மடிந்ததால் 194 பேருக்கு இடம் கிடைத்ததா? சொல்ல முடியாது. கட்டடத்தைத் திட்டமிட்டவனும் சிற்பத்தைத் திட்டமிட்டவனும் ஒரே மேடையில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள் என்பது மட்டும் தெளிவு.

கீழே ஆறு வரிசைகள்: யானை, குதிரை வீரர், கொடி, இதிகாசக் கதைகள், மகரம், அன்னம். யானையை ஏன் அடியில் வைத்தார்கள்? பாரம் தாங்குவது யானை. கண்ணும் அதை நம்புகிறது. அதற்கு மேல் வேகம், அதற்கு மேல் கதை, கடைசியில் நீரிலும் வானிலும் திரியும் உயிர்கள். கனம் குறைந்துகொண்டே மேலே போகிறது. கட்டடத்தின் கனத்தைச் சிற்பம் கணக்கெழுதிக் காட்டுகிறது. இதை நகை என்று எப்படிச் சொல்வது?

பல உருவங்கள் சுவர்க் கல்லிலேயே செதுக்கியவை. கழற்றினால் சுவரில் ஓட்டைதான் மிஞ்சும். பேலூரில் விடை வேறு. அங்கே கூரை விளிம்புக்குக் கீழே சாய்ந்து நிற்கும் மதனிகைகள், வெளியே 38, உள்ளே 4, தனியே செய்து பொருத்தியவை. அவர்களைக் கழற்றினால் கூரை விழாது. என் கடை அன்னத்தைப் போலத்தான் அவர்கள். ஆனால் அந்தச் சாய்வு, நிமிர்ந்த தூணிலிருந்து நீண்ட கூரைக்குக் கண்ணைக் கைபிடித்து அழைத்துப் போகிறது. அவர்கள் போனால் தூண் தூணாகவும் கூரை கூரையாகவும் பிரிந்து நின்றுவிடும்.

இன்னொரு செய்தி. சோமநாதபுரத்துச் சிற்பிகள் உருவங்களின் அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மல்லிதம்மன் என்பவர் பெயர் சுமார் நாற்பது இடத்தில் வருகிறது. பாலையன், சௌடையன், மசணிதம்மன் என்று இன்னும் பலர். எங்கள் கடையில் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவோம். வெட்டுவது வாங்கியவர் பெயர், செய்தவர் பெயரை யாரும் கேட்பதில்லை. எழுநூற்று ஐம்பது ஆண்டுக்கு முன் ஒரு சுவரில் செய்தவன் பெயர் வெட்ட இடம் கொடுத்திருக்கிறார்கள். வெறும் அலங்காரக்காரனுக்கு இந்த மரியாதை கிடைக்காது.

2023 செப்டம்பரில் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ச்சிதான். அங்கே போட்டோ எடுப்பவர்களைக் கவனித்தேன். எல்லோரும் ஒரு சிலையை மட்டும் சட்டம் போட்டது போல் எடுக்கிறார்கள். சுவரை யாரும் எடுப்பதில்லை.

ஹளேபீடு: இரண்டு சுவர்கள்

ஹளேபீட்டுக்குப் போகிற நம்மவர்கள் ஹொய்சளேசுவரரைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிடுகிறார்கள். நடந்து போகிற தூரத்தில் பஸ்திஹள்ளி இருக்கிறது. அங்குள்ள பார்சுவநாதர் பசதி 1133இல் போப்பன் தன் தந்தை கங்கராஜன் நினைவாகக் கட்டியது. விஷ்ணுவர்த்தனன் காலம். ஹொய்சளேசுவரர் கோயிலும் அதே அரசன் காலத்தில் எழுந்தது. அதே ஊர், அதே கல், அதே தலைமுறைக் கைகள். ஆனால் அந்தச் சுவரில் விரல் வைக்க இடமில்லாமல் உருவங்கள், இந்தச் சுவரில் ஒன்றுமில்லை. ஒட்டுத்தூண்கள் மட்டும்.

உள்ளே போனால் கண்ணாடி போல் மெருகேறிய கடைசல் தூண்கள். முகம் தெரியும். என் பட்டறைக்காரர் ஒருவரை ஒருமுறை கூட்டிப் போயிருந்தேன். தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதை எப்படிச் சுத்தியிருப்பான்?" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தூண்களுக்கு அப்பால் இருட்டில் பார்சுவநாதர், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல், நாகம் குடை பிடிக்க நேராக நிற்கிறார். நகையில்லை, ஆடையில்லை, அசைவில்லை. அந்த நேர்நிலையைத் தூண்கள் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. வெளிச்சுவரின் வெறுமை அதற்கும் முன்பே சொல்லிவிடுகிறது.

இதைப் பார்த்துவிட்டு, "ஆடும் தெய்வத்துக்கு ஆடும் சுவர், அசையாத தெய்வத்துக்கு அசையாத சுவர், சமணக் கோயில் வெளியே வெறுமையாகத்தான் இருக்கும்" என்று நான் ஒரு விதி கட்டி வைத்திருந்தேன். ஒரு கூட்டத்தில் பேசியும் விட்டேன். கைதட்டினார்கள். பிறகு சிரவணபெளகொளத்தின் சந்திரகிரிக்கு வடக்கே ஜினநாதபுரத்துக்குப் போனேன். அங்குள்ள சாந்திநாதர் பசதியின் வெளிச்சுவர் முழுவதும் தீர்த்தங்கரர், யட்சிகள், ஆடும் பெண்கள்! என் விதி அந்த வாசலிலேயே உடைந்தது.

உடைந்தது நல்லதுதான். சமயம் சுவரைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணம் போனது. ஒவ்வொரு இடத்திலும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்: இந்தச் சுவர் பேசட்டும், இந்தச் சுவர் மௌனமாக இருக்கட்டும். சிற்பத்தை வைப்பது எப்படி ஒரு முடிவோ, வைக்காமல் விடுவதும் அப்படியே ஒரு முடிவு. பஸ்திஹள்ளிச் சுவரில் சிற்பம் 'இல்லை' என்று எழுதுவது தவறு. அந்தச் சுவரின் சிற்பம் முழுவதும் உள்ளே ஒரே இடத்தில் சேர்ந்திருக்கிறது.

விந்தியகிரி: வீட்டுக்கு முன் வந்த ஆள்

மூன்றாவது இடம் சிரவணபெளகொளம். கங்க அமைச்சர் சாமுண்டராயர் 981-983 வாக்கில் செய்வித்த சிலை, சுமார் 57 அடி. மலை உச்சிக் கருங்கல்லிலேயே செதுக்கியது. இங்கே சிலைக்கு வீடு இல்லை, மலைதான் பீடம், வானம்தான் விமானம். ஆனாலும் கட்டடக்காரன் மூளை உள்ளே இருக்கிறது. தொடை வரைக்கும் புற்றும் மாதவிக்கொடியும் காலை ஒட்டி ஏறுகின்றன. தவத்தில் அசையாமல் நின்ற கதையை அவை சொல்கின்றன, கூடவே அத்தனை உயரச் சிலைக்கு முட்டும் கொடுக்கின்றன. தொடைக்கு மேலே எந்தப் பிடிமானமும் கிடையாது. கதையும் கட்டுமானமும் ஒரே கல்.

சுற்றியுள்ள மண்டபத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எடுப்பித்தவர் மேலே சொன்ன கங்கராஜன். சிலை முதலில், கட்டடம் பின்னால். சிலையின் காலடியில் கன்னடத்திலும் மராத்தியிலும் எழுத்து உண்டு. தமிழிலும் உண்டு, கிரந்தமும் வட்டெழுத்துமாக. சாமுண்டராஜன் 'செய்வித்தான்' என்கிறது. அப்பா 1981இல் அதைக் காட்டிப் படித்துச் சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம்மவர் எல்லோரும் ஒருமுறையாவது அந்த எழுத்தைப் பார்க்க வேண்டும். அந்த மலையில் நம் மொழிக்கு ஆயிரம் ஆண்டு இடம் இருக்கிறது.

செய்வித்தான் என்ற சொல்லில் செய்தவன் மறைந்திருக்கிறான். கழுகுமலையிலும் இதே சொல். அங்கே சமணர் உருவங்களுக்குக் கீழே, இன்னார் 'செய்வித்த திருமேனி' என்று வட்டெழுத்தில் வருகிறது. கழுகுமலையை இங்கே இழுக்கக் காரணம் உண்டு. ஒரே மலையில் ஒரு பக்கம் வெட்டுவான் கோயில், பாறையை மேலிருந்து குடைந்து சிற்பம் போலவே செதுக்கிய கட்டடம், எட்டாம் நூற்றாண்டு, முடியாமல் நிற்கிறது. இன்னொரு பக்கம் சுவரே இல்லாத பாறையில் தீர்த்தங்கரர் வரிசை. கட்டடம் சிற்பமாகிறது, சிற்பம் கட்டடமில்லாமல் நிற்கிறது. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் நிலைகளும் கல்லைக் காண்பதில்தான் தொடங்குகின்றன. கல் முதலில், கட்டுவது அப்புறம்.

ஆக, எது முதல் என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. சோமநாதபுரத்தில் இரண்டும் கூடப் பிறந்தவை, பஸ்திஹள்ளியில் கட்டடம் வாசலில் நின்று வழிகாட்டுகிறது, விந்தியகிரியில் சிலைக்குப் பின்னால் கட்டடம் வருகிறது. ஆனால் மூன்றிலும் ஒன்றுக்கு மற்றது இருப்பது தெரியும்.

எங்கள் ஊரில் நடந்தது

இவ்வளவு எழுதுகிறவன் தன் கணக்கையும் காட்ட வேண்டும். எங்கள் ஊர் ஜினாலயம் சிறியது. நான்கு கல்தூண் மண்டபம், அதற்குப் பின்னால் கருவறை. பின்சுவரில் பதித்த பலகைக் கல்லில் ஆதிநாதர் அமர்ந்திருப்பார், இரண்டு பக்கமும் சாமரம் வீசுவோர். கிழக்கு வாசல். காலையில் மண்டபத் தூண்களுக்கு நடுவே வெயில் நுழைந்து, முதலில் பாதத்தில் விழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக நகரும். சின்ன வயதில் அதற்காகவே பல் துலக்காமல் ஓடியிருக்கிறேன்.

1998இல் திருப்பணி என்று வசூலுக்கு வந்தார்கள். வியாபாரம் நன்றாக நடந்த நேரம். பெரிய தொகை கொடுத்தேன். "பழைய மண்டபம் இடுக்கா இருக்கு, காங்கிரீட்ல பெரிசா போட்டுடலாம்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டியது மட்டுமல்ல, சலவைக்கல்லில் புதுச் சிலைக்கும் நானே உபயம். பழைய ஆதிநாதரைச் சுவரிலிருந்து பெயர்த்து, பிராகாரத்தில் இரும்புக் கிராதி போட்டு, டியூப் லைட் மாட்டி வைத்தார்கள். தூண்கள் எங்கே போயின என்று இன்றைக்கும் தெரியாது. டைல்ஸ் சுவரில் என் பெயர் கறுப்புக் கல்லில் இருக்கிறது. செய்வித்தான்!

அம்மாவை விழாவுக்கு அழைத்துப் போனேன். கிராதிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு, "சாமிய ஜெயில்ல போட்ட மாதிரி இருக்குதுப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

சிலைக்கு ஒரு கீறல் இல்லை. திருடு போகவும் இல்லை. கணக்குப்படி ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் அந்த வெயில் போய்விட்டது. அந்தச் சிலையைச் செதுக்கியவன் வெயிலை எண்ணித்தான் முகத்தில் அந்த ஆழம் கொடுத்திருக்கிறான் என்பது, டியூப் லைட்டில் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. சுவர் வேறு, சிலை வேறு, சிலையைப் பத்திரமாக எடுத்து வைத்தால் போதும் என்று நான் நினைத்தேன். பெர்சி பிரவுனைப் படிக்காமலேயே அவரை விட மோசமான முடிவுக்கு வந்திருந்தேன். லண்டன் அருங்காட்சியகத்தில் பார்த்தினான் சிற்பங்கள் இருப்பதைப் பற்றி உலகம் இரண்டு நூற்றாண்டாக வாதாடுகிறது. நாம் நம் ஊரிலேயே, நம் பணத்திலேயே அதைச் செய்துகொண்டிருக்கிறோம். எல்கின் பிரபுவாவது கப்பல் வாடகை கொடுத்தார்.

முடிவாகச் சில வேண்டுகோள்

நம் குடும்பங்கள் ஊரில் திருப்பணிக்குப் பணம் அனுப்புகின்றன, இங்கே புதுக் கோயில்களும் எழுப்புகின்றன. பார்க்கிறேன்: முதலில் இன்ஜினீயர் பெட்டி போலக் காங்கிரீட் கட்டி முடிக்கிறார். பிறகு, "மேலே ஏதாவது பொம்மை வையுங்க" என்று ஸ்தபதியைக் கூப்பிடுகிறார்கள். அவர் என்ன செய்வார்? கொடுத்த சுவரில் ஒட்டிவிட்டுப் போகிறார். அப்போதுதான் சிற்பம் மெய்யாகவே நகையாகிவிடுகிறது, அதுவும் இரவல் நகை. கோடு போடும் நாளிலேயே ஸ்தபதியையும் உட்கார வையுங்கள். பழைய மண்டபத்தை இடிக்கக் கையெழுத்துக் கேட்டால், ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் பேனாவைத் திறவுங்கள்.

பிள்ளைகளைச் சோமநாதபுரத்துக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. மூன்று சுற்றுச் சுற்றுங்கள். முதல் சுற்றில் எந்தச் சிலையையும் பார்க்காமல் சுவரின் மடிப்பை மட்டும் பாருங்கள். இரண்டாவதில் யானையிலிருந்து அன்னம் வரை கண்ணை மேலே ஏற்றுங்கள். மூன்றாவதில் குனிந்து மல்லிதம்மன் பெயரைத் தேடுங்கள். பிள்ளைகளுக்கு அந்தத் தேடல் ரொம்பப் பிடிக்கும்.

பேத்திக்குப் போன வாரம் போனில் பதில் சொன்னேன். "சோமநாதபுரத்துல கழட்ட முடியாதும்மா, சுவரோட சேர்ந்து வந்துடும். பேலூர்ல கழட்டலாம், கோயில் விழாது. ஆனா ரெண்டும் தனித்தனியாயிடும். நம்ம ஊர்ல தாத்தா கழட்டிட்டேன்."

"திரும்ப வைக்க முடியாதா தாத்தா?" என்றாள்.

பலகைக் கல் இருக்கிறது, கிழக்கு வாசல் இருக்கிறது. நடுவில் நாங்கள் எழுப்பிய ஒரு காங்கிரீட் சுவர்தான் மறைக்கிறது. இந்த ஆண்டு ஊர்க் கூட்டத்தில் அந்தச் சுவரைப் பற்றிப் பேசுவதாக இருக்கிறேன். இடிக்கும் செலவும் என்னுடையது என்று சொல்லப் போகிறேன்.